சிரட்டைக்கரியும் பாபகியூ அடுப்பும்: ஒரு சின்ன வரலாறு

 

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குது. "சேர், வீட்டுக்கு ஒரு பாபகியூ அடுப்பு வாங்கப் போறம், எது நல்லது?" என்று பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இதே கேள்விதான் வரும். அடுப்புக்கு முதல் கரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்பு ஒருமுறை வாங்குவது, கரி ஒவ்வொரு முறையும் வாங்குவது. எங்கள் ஊரின் கதையும் அந்தக் கரிக்குள் கொஞ்சம் இருக்கிறது.

'பாபகியூ' என்ற சொல் கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களிடமிருந்து வந்தது என்பார்கள். தடிகளால் பரண் கட்டி, மேலே இறைச்சி, கீழே தீ. அங்கு போன ஸ்பானியர் அதை 'பார்பக்கோவா' என்று 16ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார்கள். சொல்தான் வெளிநாடு. தணலில் வாட்டிய கருவாடும் சுட்ட பனம்பழமும் தெரியாத வீடு இந்தக் குடாநாட்டில் இருந்ததில்லை.

எங்கள் குடாநாட்டில் பெருங்காடு கிடையாது. அதனால் எங்கள் முன்னோர் மரத்தை வெட்டி எரித்ததைவிட, மரம் தந்ததைப் பொறுக்கி எரித்ததே அதிகம். பனைமட்டை, கொக்கரை, பன்னாடை, பொச்சுமட்டை, சிரட்டை, ஊமல். மிச்சத்துக்குத்தான் விறகுகாலைக்குப் போனார்கள். ஊமல் என்றால் என்ன என்று இப்போது வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். பனங்கொட்டையைப் பிளந்து பூரான் எடுத்த பிறகு மிஞ்சும் ஓடுதான் ஊமல். அதைச் சுட்ட கரியில் பல் துலக்கியவர்கள் இன்றும் எங்களிடையே இருக்கிறார்கள். சிரட்டைக்கரி, ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் போனது.

நாங்கள் சாதாரணமாக நினைத்த இந்தச் சிரட்டைக்கரியை உலகம் வேறு விதமாகப் பார்த்தது. முதலாம் உலகப் போரில் நச்சு வாயு வீசப்பட்டபோது, படையினரின் முகமூடிக்குள் நஞ்சை உறிஞ்சுவதற்கு வைத்த பொருள்களில் சிரட்டைக்கரி முக்கியமானது. சிரட்டை மிக இறுக்கமான ஓடு. அதன் கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். இன்று குடிநீர் வடிகட்டிகளுக்கும் பொன் பிரித்தெடுப்பதற்கும் வேண்டிய உயிர்ப்பூட்டிய கரியை இலங்கை பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. புத்தளம், குருநாகல், கம்பஹா என்ற தென்னை முக்கோணம்தான் அதற்குத் தாய்வீடு.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டு ஜாம் போத்தல் விளக்கு எரித்த அந்தக் காலத்தில் அடுப்பைக் காப்பாற்றியது பனையும் தென்னையும்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலும் எங்கள் தாய்மார் ஊதி மூட்டியது தென்னந்தோட்டத்துப் பொச்சுமட்டையும் சிரட்டையும்தான். ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தபோதும் இரண்டு பக்க அடுப்புக்கும் சோறு ஆக்கித் தந்தது ஒரே வகை நெருப்பு.

பிறகு காஸ் வந்தது, எல்லாம் மறந்தோம். 2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் கடைசியில் அதே சிலிண்டர் 4,860 ரூபாய், அதுவும் வரிசையில் நின்றாலும் கிடைக்காது. அந்த மாதங்களில் சிரட்டை பொறுக்காத வீடு எது? ஆகவே கரி அடுப்பை விளையாட்டுச் சாமானாக நினைக்க வேண்டாம்.

இனி அடுப்புக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1920களில் ஹென்றி போர்ட், தன் கார்களுக்கு மரம் அறுத்த ஆலையின் கழிவைக் கரிக்கட்டியாக்கி, கார் விற்கும் இடங்களிலேயே விற்றார். 1952இல் சிக்காகோவில் ஓர் உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜோர்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைக்குரிய உருண்டைத் தகட்டை வைத்து மூடியுள்ள அடுப்பொன்றைச் செய்தார். இன்று கடைகளில் காணும் உருண்டை அடுப்புகளின் மூதாதை அதுதான். மூடியும் காற்றுத் துவாரமும்தான் அதன் விசேஷம். துவாரத்தைத் திறந்தால் தணல் சீறும், ஒடுக்கினால் அடங்கும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் மூடி அதை அடக்கும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்.

1. தகடு தடிப்பாக இருக்க வேண்டும். மெல்லிய தகரம் சில தடவையிலேயே நெளிந்து ஓட்டையாகும்.

2. கீழேயும் மேலேயும் திறந்து மூடக்கூடிய காற்றுத் துவாரம் வேண்டும்.

3. இறைச்சி வைக்கும் கம்பி துருப்பிடிக்காத உருக்காகவோ வார்ப்பிரும்பாகவோ இருக்கட்டும். வேலிக்கு வாங்கிய நாகம் பூசிய வலையை அடுப்பில் போட வேண்டாம். கடும் சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகை விடும்.

பட்டறையில் பழைய பரலை நெடுக்காக வெட்டிச் செய்வித்தாலும் போதும். ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். இரசாயனம் இருந்த பரல் வேண்டவே வேண்டாம். மற்றதையும் உள்ளே பெருந்தீ மூட்டிப் பெயின்ற் முழுவதும் எரிந்த பின்பே பாவியுங்கள்.

மூட்டுவதற்கு மண்ணெண்ணெயோ பெற்றோலோ ஊற்றாதீர்கள். ஆபத்து ஒருபுறம், இறைச்சியில் அந்த மணம் போகாது. பன்னாடையும் கொக்கரையும் போதும். கரியின் மேல் சாம்பல் படிந்து உள்ளே சிவக்கும்வரை 20, 30 நிமிடம் பொறுங்கள். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். கோழியைத் தணலுக்கு மேல் நிறம் வரவிட்டு, பிறகு தணல் இல்லாத பக்கம் நகர்த்தி மூடியைப் போடுங்கள். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும் கோழிதான் பெருநாள் வயிற்றுவலிக்குக் காரணம். எலும்போரம் வெட்டிப் பார்த்து, இளஞ்சிவப்புத் தண்ணீர் வந்தால் இன்னும் வேகட்டும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கரித்தணலில் புகை குறைவு. மழை வந்தால் 'புகை இல்லைத்தானே' என்று அடுப்பை உள்ளே தூக்கி வைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். தணல் விடும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தின் ஈமோகுளோபினில் ஒட்சிசனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடியும் தூக்கமும் வரும், பிறகு எழும்ப முடியாது. ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று நம்ப வேண்டாம். அணைந்தது போலத் தெரியும் சாம்பலும் விடியும்வரை வெளியிலேயே கிடக்கட்டும்.

கடைசியாக, எந்தக் கரி? கடையில் மரக்கரியைக் கண்டால் 'இது எந்த மரம், எங்கிருந்து?' என்று கேளுங்கள். மலேசியாவின் மாத்தாங்கில் கண்டல் மரத்தில் கரி சுடுகிறார்கள். அங்கே பெருங்காடு, முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி மீண்டும் வளர்க்கிறார்கள். எங்கள் கொழும்புத்துறைக் கடனீரேரிக் கரையில் இருப்பதோ ஒடுங்கிய கண்டல் வரிசை. றாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் இடம் அது. அதை நம்பித்தான் எங்கள் கடற்றொழிலாளர் வீடுகளில் உலை கொதிக்கிறது. ஒரு நாள் விருந்துக்காக அதில் கத்தி வைக்கக் கூடாது.

சிரட்டை எங்கள் வீட்டுக் கோடியில் கிடக்கிறது. மூன்று நான்கு கிலோ சிரட்டை சுட்டால் ஒரு கிலோ கரி கிடைக்கும். சூடு அதிகம், சாம்பல் குறைவு, மரம் ஒன்றும் விழாது. குப்பை வண்டியில் போடும் அந்தச் சிரட்டையை ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். பெருநாளுக்கும் உதவும், இன்னொரு 2022 வந்தாலும் உதவும்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் கரி சுட்ட விதத்தைக் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.