முதற்பேற்றுத் தாய்மாரும் உளநலக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

மகப்பேறு மகிழ்ச்சிக்குரிய நிகழ்வாகவே பெரும்பாலான சமுதாயங்களிற் போற்றப்பட்டு வந்துள்ளது. அம்மகிழ்ச்சியின் நடுவே தாயானவள் காரணம் புரியாது அழுவதும், உறக்கமின்றித் தவிப்பதும், பிள்ளையிடத்து அன்பு சுரக்கவில்லையே எனத் தன்னை நொந்துகொள்வதும் நேர்வதுண்டு. இஃது இயல்பானதா, நோயா, தன் குறைபாடா என ஒப்பிட்டறிவதற்கு முதன்முறை தாயாகும் பெண்ணுக்கு முன்னனுபவம் எதுவும் இல்லை. ஆகவே அவளுக்கு இதனை முன்கூட்டியே உணர்த்துதல் வேண்டும் என்பது இன்று எளிய உண்மையாகத் தோன்றுகின்றது. ஆயின் மருத்துவர் இதனை ஏட்டில் எழுதிய காலத்துக்கும் கர்ப்பிணியிடம் எடுத்துரைத்த காலத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. அவ்விடைவெளியையும், கல்வி தொடங்கிய பின்னர் அதனால் விளைந்த பயனையும் மேலைநாட்டு வரலாற்றின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய மருத்துவர் இந்நோய்பற்றி விரிவாக எழுதத் தொடங்கினர். இங்கிலாந்தில் ரொபேட் கூச் 1820இல் பிரசவத்தின் பின்னான சித்தப்பிரமைபற்றித் தம் அவதானங்களை வெளியிட்டார். பிரெஞ்சு உளமருத்துவரான எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட நூலில், மனநோய் இல்லங்களுக்குக் கொண்டுவரப்படும் தாய்மாரிலும் பார்க்கப் பதிவின்றி வீடுகளிலேயே வைத்துப் பராமரிக்கப்படுவோர் மிகப் பலர் என்பதைச் சுட்டினார். இவ்வழியில் வந்த லூயி விக்ரர் மார்சே 1858இல் வெளியிட்ட நூலே, கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றோர், பாலூட்டுவோர் ஆகிய முத்திறத்தாரின் உளநோய்களையும் ஒருங்கே ஆராய்ந்த முதற் பெருநூலாகக் கருதப்படுகின்றது. 310 நோயாளரின் வரலாறுகளை அவர் அதில் ஆராய்ந்திருந்தார். 36 வயதில் அவர் இறந்தபின் அந்நூலும் பெரிதும் மறக்கப்பட்டது.

மருத்துவரை அடுத்து இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டது சட்டமாகும். 1922ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம், பிரசவத்தின் விளைவாகச் சித்தம் நிலைகுலைந்த தாய் தன் பச்சிளங் குழந்தையைக் கொன்றவிடத்து, அதனைக் கொலைக்குற்றமாகக் கொள்ளாது சிசுக்கொலை என வேறுபடுத்தியது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் இச்சலுகையைப் பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை வரை விரித்தது. மனித நேயமிக்க மாற்றமே ஆயினும், பெருந்துன்பம் நிகழ்ந்து முடிந்த பின்னரே அது தாய்க்குத் துணைநின்றது. நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்த ஒன்று கர்ப்பிணிக்குச் சொல்லப்படவில்லை.

கர்ப்பிணிகளுக்குக் கற்பிக்கும் மரபு அக்காலத்தில் இல்லாமலில்லை. கிரான்ற்லி டிக்-றீட் 1933இல் இயற்கைப் பிரசவம்பற்றி நூல் வெளியிட்டார். பாரிசில் லமாஸ் 1951இல் தம் பயிற்சி முறையைத் தொடங்கினார். அச்சத்தை நீக்கி நோவைத் தணிப்பதே இவர்களது குறிக்கோள். எனவே இவர்களின் வழிவந்த கல்வி பெரும்பாலும் குழந்தை பிறக்கும் நாழிகையை எல்லையாகக் கொண்டது. அதற்குப் பிந்திய வாரங்கள் அதில் இடம்பெறுதல் அரிதாயிற்று.

இவ்வெல்லையைக் கடந்தோராக ஐக்கிய அமெரிக்காவின் கோர்டன் தம்பதியரைக் குறிப்பிடலாம். நியூ ஜேர்சி மாநிலத்துப் பேர்கன் மாவட்டம் இரண்டாம் உலகப் போரின் பின் விரைந்து வளர்ந்த புறநகர்ப் பகுதியாகும். இளந்தம்பதியர் தாய், தமக்கை முதலிய உறவினரைப் பிரிந்து அங்குக் குடியேறினர். இத்தனிமையே இளந்தாய்மாரின் உளத்துன்பத்துக்குப் பெருங்காரணம் எனக் கண்ட கோர்டன் தம்பதியர், வழக்கமான கர்ப்பிணி வகுப்புகளோடு மேலும் இரண்டு பாடங்களைச் சேர்த்து, அதன் விளைவை 1960இல் வெளியிட்டனர். அப்பாடங்களில் நோய்க்குறிகளின் பட்டியலிலும் பார்க்க நடைமுறை அறிவுரையே மேலோங்கியிருந்தது. உதவி கேட்கத் தயங்கற்க. பிள்ளை வளர்த்துப் பழகிய குடும்பத்தினரோடு நட்புக் கொள்க. குழந்தை பிறந்தவுடன் வீடு மாறற்க. போதிய ஓய்வு கொள்க. கவலைகளைக் கணவரோடு கலந்து பேசுக என்பன அவற்றுட் சில. பாடங்களைக் கேட்டோர்க்கு உளத்துன்பம் குறைந்திருந்தது. கணவரும் உடன்வந்தவிடத்துப் பயன் மிகுந்தது. இன்றைய அளவுகோலால் நோக்கின் அச்சிறு ஆய்வு குறையற்றதன்று. எனினும் தாயையும் அவள் வீட்டாரையும் ஒருங்கே கற்போராகக் கொண்டமை அதன் தனிச்சிறப்பாகும்.

இத்துன்பத்தின் பரப்பு அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. இலண்டனில் 305 பெண்களை ஆராய்ந்த பிறைஸ் பிற், அவர்களுள் 10.8 வீதத்தினர் மகப்பேற்றின் பின் மனச்சோர்வுற்றிருந்ததை 1968இல் அறிவித்தார். மார்சேயின் பெயரால் 1980இல் ஓர் ஆய்வுக் கழகமும் தோன்றியது. உகண்டாவில் இத்துறையில் ஆராய்ந்திருந்த ஜோன் கொக்ஸ், பின்னர் தம் துணைவரோடு பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவையை 1987இல் வெளியிட்டார். சுகாதாரப் பணியாளர் எவரும் கையாளக்கூடிய அவ்வளவை தமிழ், சிங்களம் உட்படப் பல மொழிகளிலும் அமைந்தது.

அறிவு பெருகவே, அதனைக் கர்ப்பிணிகளுக்குப் புகட்டினாற் போதும் என்ற நம்பிக்கையும் வளர்ந்தது. அந்நம்பிக்கைக்கு 2001இல் அவுஸ்திரேலியாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. ஹேய்சும் அவர்தம் குழுவினரும் முதன்முறை தாயாகவிருந்த 206 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மனச்சோர்வுபற்றிய கையேடும் விளக்கமும் வழங்கினர். பிரசவத்தின் பின் இரு பிரிவினர்க்குமிடையே மனச்சோர்வில் வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, ஏறத்தாழ 17,000 பெண்களை உள்ளடக்கிய 28 ஆய்வுகளை 2013இல் ஒருங்குவைத்து நோக்கியபோது, பிரசவத்தின் பின் தாதியரோ மருத்துவ மாதரோ வீடு தேடிச் சென்று தரும் துணையும், அனுபவமுள்ள தாய்மார் தொலைபேசிவழி அளிக்கும் ஆதரவும் நம்பிக்கை தரும் வழிகளாகக் காணப்பட்டன.

இவ்விரு முடிவுகளும் கோர்டன் தம்பதியரின் வகுப்பறையை மீண்டும் நினைவூட்டுகின்றன. அங்குப் பயனளித்தது வெறுஞ் செய்தியன்று. உதவியை முன்கூட்டியே ஒழுங்குசெய்யத் தூண்டிய அறிவுரையே எனலாம். எனினும், ஆய்வில் வேறுபாடு தோன்றவில்லை என்பதனால் அறிவித்தலே வேண்டாம் எனக் கொள்வதும் பொருந்தாது. தன் துன்பம் பலர்க்கும் நேர்வது, தீரக்கூடியது என்பதை அறிந்துகொள்ளுதல் ஒவ்வொரு தாய்க்கும் உரியது. மருத்துவரும் நீதிபதியும் அறிந்ததை அவளிடமிருந்து நூறாண்டு மறைத்து வைத்த தவறு மீளவும் நிகழலாகாது.

இலங்கையைப் பொறுத்தவரை இவ்வரலாறு தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்ட காலந்தொட்டு, கர்ப்பிணியின் வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாது இந்நாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் ஆணிவேராக விளங்கி வந்துள்ளாள். 2013ஆம் ஆண்டு ஆய்வு சிறப்பித்துக் கூறிய வழிக்கு ஏற்ற வாயில் இங்கு முன்னரே திறந்துள்ளது. தாயின் குருதியழுத்தத்தையும் குழந்தையின் நிறையையும் கேட்டறியும் அவ்வாயிலில், தாயின் உள்ளத்து நிலையும் அதே அளவு இயல்பாகக் கேட்கப்படுதல் வேண்டும். கேட்டபின் துணைநிற்கக் கணவரும் வீட்டாரும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அந்நிலையிலேயே முதற்பேற்றுத் தாய்க்கு அளிக்கப்படும் கல்வி முழுமை பெறும்.