பயத்தில் இறக்கிய சீட்



பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் பேசினார். தினமும் காலையில் துறைமுகச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறாராம். ஒரு மாதத்திலேயே முட்டு வலி வந்துவிட்டதாம்.

"சீட்டை எவ்வளவு உயரத்துல வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"உக்காந்தா ரெண்டு காலும் தரையில ஊனுற மாதிரி வச்சிருக்கேன் சார். அதானே சேஃப்டி?"

வலிக்குக் காரணம் அவர் பதிலிலேயே இருந்தது. அந்தப் பதிலுக்குப் பின்னால் இருநூறு வருடக் கதை ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த இரு சக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. உட்கார்ந்துகொண்டு தரையைக் காலால் உந்தித் தள்ள வேண்டும். இரண்டு காலும் தரையில் படவேண்டிய வண்டி அதுதான். 1860-களில் பாரிஸில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலைப் பொருத்தினார்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். அப்படித்தான் நெஞ்சு உயர முன்சக்கர வண்டிகள் வந்தன. அதிலிருந்து விழுந்தால் தலைகுப்புறத்தான். 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். ஒரே அளவை ஒட்டிய இரண்டு சக்கரங்கள், நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ப்ரீவீலும் பரவத் தொடங்கியது. இன்றைக்கு நாம் ஓட்டும் சைக்கிளின் அடிப்படை அவ்வளவுதான்.

அந்த வண்டி நம் கைக்கு வந்தபோது ஒரு சிக்கல். அது வளர்ந்த ஆணின் உடம்புக்குச் செய்தது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைச் செய்ய ஆரம்பித்த பிறகும், வீட்டுக்கு ஒரு வண்டி என்றால் அது அப்பாவின் பார் வைத்த உயரமான வண்டிதான். பத்து வயதுப் பையனுக்குச் சீட் எட்டாது. பாருக்குக் கீழே இருக்கும் முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் வளைத்து, தொங்கிக்கொண்டே மிதிப்பான். அதுதான் குரங்குப் பெடல். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையை வைத்து 2024-ல் வந்த படத்துக்கும் அதுதான் பெயர்.

அதிலும் படிகள் உண்டு. முதலில் அரைப் பெடல். பெடலை முழுச் சுற்று சுற்றாமல் பாதி அமுக்கி, திரும்ப மேலே கொண்டுவந்து மறுபடி அமுக்குவது. ப்ரீவீல் இருப்பதால்தான் இது முடியும். பிறகு முழுப் பெடல். பிறகு பாரில் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து மிதிப்பது. கடைசியில்தான் சீட். மணிக்கணக்கு வாடகை சைக்கிளில், முட்டியைத் தேய்த்துக்கொண்டு நானும் அப்படித்தான் படித்தேன். வாத்தியார் கிடையாது. பயம்தான் வாத்தியார். விழாமல் இருக்க என்ன செய்தோமோ, அதுவே ஆயுளுக்கும் பழக்கமாகிவிட்டது. சீட்டைக் கீழே இறக்குவது, பாதத்தின் நடுவால் அழுத்துவது, முட்டியை வெளிப்பக்கம் விரிப்பது எல்லாம் அந்தப் பயத்தின் மிச்சம்.

பையன்களுக்காவது அந்தப் பயத்தோடு பழகும் சுதந்திரம் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அதை மாற்றியது புதுக்கோட்டை. 1991-ல் அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். எழுத்துப் படித்த பெண்களே தெருவில், திடலில் மற்ற பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள் என்கிறார். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அங்கே நடந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பயத்தோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டிய ஒரு வித்தையை, ஒருவர் கேரியரைப் பிடிக்க இன்னொருவர் ஓட்ட, பலபேர் கூடிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிறகு 2001-ல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, 2005-06-ல் அதைப் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லாருக்கும் விரிவாக்கியது. நல்ல திட்டம். வண்டி வந்தது. மிதிக்கும் விதத்தை மட்டும் ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு நான் ஒரு பாடம் படிக்க வேண்டியிருந்தது.

உப்பளத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். கடலோரத்திலிருந்து மேற்கே பள்ளிக்கு வரவேண்டும். ஆனி, ஆடி மாதம் தூத்துக்குடியில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரம் கிடையாது, மேடு கிடையாது, பாத்தியும் வெட்டவெளியும்தான். தினமும் தாமதமாக வந்தாள். சோம்பேறி என்று வகுப்பில் வைத்தே திட்டினேன். அடுத்த நான்கு நாள் அவள் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சொன்னார்: "முட்டு வலிக்குங்கா சார். காத்துல மிதிக்க முடியலயாம். படிச்சது போதும், என்கூட அளத்துக்கு வரட்டும்."

அவளையும் சைக்கிளையும் பக்கத்துச் சைக்கிள் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் வண்டியை ஒரு பார்வைதான் பார்த்தார். "சீட்டு அடியில கெடக்கு. கால் நீளவே மாட்டேங்குதே, முட்டு என்னத்துக்கு ஆகும்?" என்றார். ஸ்பேனரால் தளர்த்தி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்றினார். அவளுக்குப் பயம். அம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை கூடவே ஓடினார். அவர் ஆயுளில் சைக்கிள் ஏறியதில்லை.

மறுவாரம் அவள் நேரத்துக்கு வந்தாள். வகுப்பில் திட்டியதற்கு வகுப்பிலேயே அவளிடம் வருத்தம் சொன்னேன். பிளஸ் டூ முடித்துவிட்டுத்தான் போனாள்.

அன்று அந்தக் கடைக்காரர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இவ்வளவுதான்.

பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். ஓட்டும்போது குதிகாலோ நடுப்பாதமோ அல்ல, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் முன்பாதம் பெடலில் இருக்க வேண்டும். அப்போது முட்டி லேசாக மடங்கியே இருக்கும். முட்டி பாதத்துக்கு நேராக ஏறி இறங்கட்டும். சீட்டை ஒரேயடியாக ஏற்றாமல் தினம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிவிட்டால் பயம் போய்விடும்.

எதிர்காற்றில் ஓங்கி ஓங்கி மிதிக்காதீர்கள். என் பழைய வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். கியர் இல்லாத அந்த வண்டியில் காற்றோடு சண்டை போட்டால் முட்டிதான் தோற்கும். வேகத்தைக் குறைத்து, உடம்பைச் சற்றுக் குனிந்து, ஒரே தாளத்தில் மிதியுங்கள். கியர் இருந்தால் லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். பந்தய வீரர்கள் ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்கிறார்கள். 1985-ல் பெர்னார்ட் இனோ அப்படிப்பட்ட பெடலில்தான் டூர் டி பிரான்ஸ் வென்றார். அதைப் பார்த்துவிட்டுக் காலை மேலே இழுத்து இழுத்து ஓட்ட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே மேலே இழுப்பதால் உடம்பின் சக்தி கூடுதலாகத்தான் செலவாகிறது என்று 2007-ல் ஒரு ஆய்வு காட்டியது. ஒரு கால் மேலே வரும்போது அதன் பாரத்தை அடுத்த கால் சுமக்காமல் இருந்தாலே போதும்.

மாணவர் இன்று காலை மறுபடி பேசினார். ஒரு விரல்கடை ஏற்றியிருக்கிறாராம். இன்னும் கொஞ்சம் ஏற்று என்றேன். "பயமா இருக்கு சார்" என்றார். வீட்டம்மாவைக் கேரியரைப் பிடிக்கச் சொல் என்றேன்.

உங்கள் வீட்டில் பிள்ளைகளின் சைக்கிள் இருந்தால், இன்று சாயங்காலம் அந்தச் சீட்டை ஒருமுறை பாருங்கள்.