வருகைக் கணக்கு யார் வீட்டில் இருக்கிறது?

வெப் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தலை நரைத்தவன் நான். எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் காலையில் சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் திறப்பது, சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவான லாக் ஃபைலைத்தான். ஒரு வரிக்கு ஐந்தாறு விவரம் இருக்கும். கேட்டவரின் ஐபி முகவரி, தேதி, நேரம், கேட்ட பக்கம், போன பதில். 200 என்றால் கிடைத்தது, 404 என்றால் அப்படியொரு பக்கமே இல்லை. கடைசியில் எத்தனை பைட் அனுப்பினோம் என்ற எண்.

இணையத்தளங்களின் முதல் வருகைக் கணக்கு இதுதான். 1995இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் எழுதிய ‘அனலாக்’ என்ற இலவச மென்பொருள் இந்த வரிகளைக் கூட்டி அட்டவணையாகத் தந்தது. கணக்கு துல்லியம் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் பத்துப் படம் இருந்தால் பதினோரு ‘ஹிட்’ விழும். ஒரே ஐபிக்குப் பின்னால் ஒரு ஆபீஸே உட்கார்ந்திருக்கும். ஆனால் அது மளிகைக் கடைக்காரர் கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கும் பேரேடு மாதிரி, கடையை விட்டு வெளியே போகாது. வந்தவர் கடைக்காரரை நம்பினால் போதும்.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற இளைஞர் குக்கியைக் கண்டுபிடித்தார். வந்தவரை அடுத்த முறை அடையாளம் காண, தளம் அவர் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு அது. ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு நிரந்தர எண் கொடுத்திருந்தால் அவர் வேலை சுலபமாக முடிந்திருக்கும். எல்லாத் தளங்களும் அந்த எண்ணை வைத்து ஆளைத் துரத்தும் என்றுதான் அதை ஒதுக்கினார். குக்கி, அதைக் கொடுத்த தளத்துக்கு மட்டுமே திரும்பிப் போகும்படி செய்தார்.

ஓட்டையும் அதிலேயே இருந்தது. ஒரு விளம்பர நிறுவனத்தின் படம் நூறு தளங்களில் ஒட்டியிருந்தால், அந்தப் படத்தோடு வரும் குக்கி விளம்பர நிறுவனத்துடையது. நூறு இடத்திலும் அது அவர்களிடமே திரும்பிப் போகும். மொன்டுல்லியும் டேவிட் கிறிஸ்டலும் 1997 பிப்ரவரியில் எழுதிய குக்கி விதிமுறை, இப்படி மூன்றாம் ஆள் வைக்கும் குக்கிகளைப் பயனர் தாமே அனுமதித்தால் ஒழிய ஏற்கக் கூடாது என்றது. அன்றைய பெரிய பிரவுசர்களான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. என்னைக் கேட்டால், காரியம் கெட்டது அங்கேதான்.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. டபிள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம், தபாலில் பொருள் வாங்குவோரின் பெயர், முகவரிகளைத் திரட்டி வைத்திருந்த அபாகஸ் டைரக்டை 1999இல் வாங்கியது. குக்கி எண்ணோடு ஆளின் பெயரையும் சேர்ப்பதுதான் திட்டம். அமெரிக்காவில் வழக்கும் அரசு விசாரணையும் கிளம்பவே, 2000 மார்ச்சில் பின்வாங்கியது.

கூகுள் 2005இல் சான் டியாகோவின் அர்ச்சின் நிறுவனத்தை வாங்கி, நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸ் என்ற வருகைக் கணக்குச் சேவையை இலவசமாக விட்டது. கூட்டம் தாங்காமல் புதுப் பதிவைச் சில நாளிலேயே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. நாலைந்து வரி ஜாவாஸ்கிரிப்டைப் பக்கத்தில் ஒட்டினால் வரைபடம், வட்டம், ஊர்வாரிக் கணக்கு எல்லாம் வரும். காசு வேண்டாம். ஆனால் விவரம் வாசகரின் பிரவுசரிலிருந்து நேரே கூகுளுக்குப் போனது. வாசகரிடம் ஒரு வார்த்தை கேட்டவர் அன்று அபூர்வம். 2008இல் டபிள்கிளிக்கும் கூகுள் வசமானது.

கேட்டாக வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னது ஐரோப்பா. 2018 மே 25இல் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரு தளம் கூகுள் அனலிடிக்ஸைப் பயன்படுத்தி வாசகர் விவரத்தை அமெரிக்காவுக்கு அனுப்பியது சட்டத்துக்கு முரண் என்ற ஆஸ்திரியத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முடிவு 2022 ஜனவரியில் வெளியானது. அடுத்த மாதமே பிரான்சும் அதையே சொன்னது.

தளம் நடத்துகிறவருக்குத் தேவை எந்தப் பக்கம் வாசிக்கப்படுகிறது என்ற எண்தான். வாசிப்பவர் யார் என்பது அல்ல. அந்த எண்ணைச் சொந்த சர்வரிலேயே எடுக்கலாம். 2007இல் பிவிக் என்ற பெயரில் வந்த இலவச மென்பொருள் இன்று மட்டோமோவாக அதைத்தான் செய்கிறது. ஐபியின் கடைசிப் பகுதியை வெட்டிவிடுங்கள், பழைய லாக்குகளை அழியுங்கள், கணக்கை உங்கள் மெஷினிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் நம்பி வந்தது உங்களை. நீங்கள் கைகாட்டும் கம்பெனியை அல்ல.