காட்டு ஒலிவக் கிளையும் தோட்டத்து வேரும்

போடிநாயக்கனூரை அடுத்து மலைமேல் ஏலத்தோட்டங்கள். பொட்டிபுரம் போன்ற அடிவாரச் சிற்றூர்ப் பக்கம் மாந்தோப்புகள். ஏலத்தைத் தூர் பிரித்து நடுவார்கள். மாவுக்கோ ஒட்டு வேண்டும். நாட்டு மாங்கொட்டையை முளைக்க வைத்து, கன்று தேறியதும் அதன் தலையைக் கொய்து, கிளிமூக்கு, இமாம்பசந்த் போன்ற நல்ல இரகத்தின் இளங்குச்சியைப் பொருத்திக் கட்டுவார்கள். வேர் நாட்டு மரத்தினுடையது. கனி நல்ல இரகத்தினுடையது. ஒட்டுக்குக் கீழே நாட்டுத் தளிர் தலைகாட்டினால் உடனே கிள்ளி எறிவார்கள்.

விவிலிய வகுப்பு ஒன்றில் உரோமையருக்கு எழுதப்பெற்ற திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தை (17-24) விளக்கிக் கொண்டிருந்தேன். தோப்பில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் எழுந்து, "சாமி, பவுலடியார் தலைகீழாகச் சொல்லியிருக்கிறாரே!" என்றார். அவர் கேட்டது சரியே. காட்டு ஒலிவக் கிளை, தோட்டத்து ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்டதாகப் பவுலடியார் எழுதுகிறார். எந்த உழவன் நல்ல வேரில் காட்டுக் கிளையை ஒட்டுவான்?

இக்கேள்வி புதிதன்று. மூன்றாம் நூற்றாண்டிலேயே மறையறிஞர் ஓரிஜன், திருத்தூதர் உழவர் வழக்கத்தை மாற்றிச் சொல்லியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். பவுல் நகரத்தில் வளர்ந்தவர், தோட்டத் தொழில் அறியாதவர் என்று கூறியவர்களும் உண்டு. ஆனால், பவுலின் காலத்தில் வாழ்ந்த உரோமை வேளாண்நூல் ஆசிரியர் கொலுமெல்லா, காய்ப்புக் குன்றிய ஒலிவ மரத்திற்குக் காட்டு ஒலிவத் துண்டைச் செருகி வலுவூட்டும் முறையைக் குறிப்பிடுகிறார். எனவே அவ்வழக்கம் முற்றிலும் கேள்விப்படாத ஒன்றன்று. எனினும் பவுலடியார் அதனைக் கருதி எழுதியதாகத் தோன்றவில்லை. அம்முறையில் கிளையால் மரம் பயன்பெறுகிறது. பவுலின் உவமையிலோ மரத்தால் கிளை பயன்பெறுகிறது. மேலும், இந்த ஒட்டு இயற்கைக்கு மாறானது என்பதை 24ஆம் வசனத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். இயற்கையும் தகுதியும் செய்யாததை இறைவனின் இரக்கம் செய்தது என்பதே அவர் கருத்து.

அவர் ஏன் இவ்வாறு எழுத நேர்ந்தது? கி.பி. 49ஆம் ஆண்டளவில் பேரரசர் கிளவுதியு யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றினார். அவ்வாறு வெளியேறிய அக்கிலாவையும் பிரிஸ்கில்லாவையும் பவுல் கொரிந்தில் சந்தித்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் (18:2) கூறுகிறது. 54இல் பேரரசர் இறந்தார். ஏறத்தாழ 57இல் இத்திருமுகம் எழுதப்பட்டபோது அத்தம்பதியர் மீண்டும் உரோமையில் இருந்தனர் (16:3). திரும்பி வந்த யூதக் கிறித்தவர்கள் அங்கே கண்டது, பெரும்பாலும் பிற இனத்தார் நிறைந்த சபையை என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். எண்ணிக்கையில் பெருகியவர்கள், தாங்களே மரம் என எண்ணத் தொடங்கினர் போலும். எரேமியா இறைவாக்கினர் (11:16) இஸ்ரயேலை ஒலிவ மரம் என்று அழைத்ததை அறிந்த பவுல், அவர்களுக்கு நினைவூட்டுகிறார்: வேரைக் கிளை தாங்குவதில்லை, கிளையை வேர்தான் தாங்குகிறது.

இந்த எச்சரிக்கையைத் திருச்சபை வரலாறு நெடுங்காலம் மறந்தது. யூதரை இறைவன் தள்ளிவிட்டார் என்று எத்தனையோ மறையுரைகள் முழங்கின. அதன் விளைவாக அம்மக்கள் பட்ட துன்பம் சிறிதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட கிறித்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கையில் இதே ஒலிவ மரத்தை நினைவுகூர்ந்து, அப்போக்கைத் திருத்தியது. 1986 ஏப்ரல் 13இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமையின் யூதத் தொழுகைக்கூடத்திற்குச் சென்று, அவர்களை மூத்த சகோதரர் என அழைத்தார்.

அன்பு வாசகரே, இது எங்கோ உள்ள உரோமையின் கதையன்று. நம் பங்குகளிலும், "எங்கள் பாட்டனார் கட்டிய கோயில் இது" என்று சொல்லி, நேற்றுத் திருமுழுக்குப் பெற்ற குடும்பத்தைப் பின்வரிசையில் நிறுத்துகிறவர்கள் உண்டு. தேர்ப்பவனியில் முதல் மரியாதைக்கும், கல்லறைத் தோட்டத்தில் இடத்திற்கும் நடக்கும் வழக்குகளைப் பங்குத் தந்தையர் அறிவோம். தத்துவப் போதகர் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தது 1606இல். அன்றே மறை தழுவிய குடும்பமாயினும், ஆபிரகாமின் வேரில் அதுவும் ஒட்டப்பட்ட காட்டுக் கிளையே. நானூறு ஆண்டுக் கிளைக்கும் நேற்றைய கிளைக்கும் சாறு ஒரே வேரிலிருந்துதான் ஏறுகிறது.

அன்று அந்தப் பெரியவரிடம், "ஆம், தலைகீழ்தான், அதனால்தான் நீங்களும் நானும் இங்கே இருக்கிறோம்" என்றேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் தோட்டக்காரர் கிள்ளி எறிய வேண்டியதைத்தானே சாமி எடுத்து ஒட்டியிருக்கிறார்!" என்றார். எனது விளக்கத்தினும் அவரது சொல்லே பவுலடியாருக்கு நெருக்கமானது.