பாட்டி மேகம் பிறந்த கதை

டில்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றால் முருங்கைக்காய், வாழையிலை, நல்ல மீன். அங்கே மெட்ரோ ஏறி ஹௌஸ் காஸில் வண்டி மாறினால் கால்காஜி. பெயரைக் கேட்டதும் நமக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். கல்வி உலகத்துக்கோ அது ஒரு சுவர் இருக்கும் ஊர்.

1999 ஜனவரியில், என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தில் இருந்த சுகதா மித்ரா, அலுவலகச் சுற்றுச்சுவரில் ஓட்டை போட்டு, பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி ஒரு கணினியைப் பதித்தார். சொல்லித்தர ஆள் இல்லை. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கற்றுக்கொண்டார்கள். திரையில் கண்ட ஆங்கிலச் சொற்களும் கூடவே ஒட்டிக்கொண்டன.

ஆசிரியர் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும்? விடை கிடைத்தது காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமத்தில். டி.என்.ஏ. பற்றிய ஆங்கிலப் பாடங்களைக் கணினியில் ஏற்றி, தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்தார் மித்ரா. இரண்டு மாதத்தில் அவர்களின் தேர்வு மதிப்பெண் பூஜ்யத்திலிருந்து 30 சதவீதமானது. அதற்கு மேல் நகரவில்லை. பிள்ளைகளோடு விளையாடுகிற 22 வயதுப் பெண் ஒருவரை உதவிக்குக் கேட்டார். தனக்கு அறிவியலே தெரியாது என்றார் அவர். தெரிய வேண்டாம், பாட்டி மாதிரிப் பின்னால் நின்று வியந்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டாலே போதும் என்றார் மித்ரா. மதிப்பெண் 50 சதவீதத்தைத் தொட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்த டில்லி வசதிக்காரப் பள்ளியின் மதிப்பெண்ணும் அதே அளவுதான்.

அடுத்த திருப்பம் ஹைதராபாத்தில். ஸ்கைப் காணொளி அழைப்பை எதற்குப் பயன்படுத்தலாம் என்று மித்ரா கேட்க, பிரிட்டிஷ் பாட்டிகள் கதை படித்துக் காட்ட வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். வாரம் ஒரு பவுண்டு தரவும் தயாராக இருந்தார்கள்! 2009இல் இது பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் வந்தது. இணைய வசதியும் வாரத்தில் ஒரு மணி நேரமும் உள்ளவர்களை மித்ரா அழைக்க, சுமார் 200 பேர் முன்வந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘கிரானி கிளவுட்’, பாட்டி மேகம். எல்லோரும் பாட்டிகள் இல்லை. ஆண்களும் இளைஞர்களும் உண்டு.

அங்கே இலக்கணப் பாடம் கிடையாது. கதை, பாட்டு, காகித வேலை, இரண்டு ஊர்ப் பேச்சு. தம் வீட்டுப் பண்டிகையைக் கடல் கடந்த ஒருவருக்குப் புரியவைக்கும் அவசரத்தில் பிள்ளைகள் ஆங்கிலம் பேசிவிடுகிறார்கள். 2013இல் மித்ராவுக்குக் கிடைத்த பத்து லட்சம் டாலர் டெட் பரிசில் உருவான கற்றல் ஆய்வகங்களில் ஒன்று, கால்காஜி அரசுப் பெண்கள் பள்ளியில் அமைந்தது.

இணையமும் மின்சாரமும் சதி செய்யும் இடங்களில் இந்த முறை தடுமாறத்தான் செய்யும். ஆனாலும் காளிக்குப்பம் காட்டிய உண்மை மாறாது: பிள்ளை பேச, கேட்க ஆசைப்படும் ஓர் ஆள் வேண்டும். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறீர்களா? உங்கள் சொந்த ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஆசிரியர் உடனிருக்க, திரைக்கு முன் உட்காருங்கள். திருத்த வேண்டாம், கேளுங்கள்.