மாத்திரையும் மாதக் கணக்கும்

மாத்திரை என்னும் சொல் தமிழாசிரியர்க்குப் பழைய நண்பன். தொல்காப்பியர்க்கு அது எழுத்தொலியின் கால அளவு. சித்த மருத்துவர்க்கு உருட்டிய மருந்து. கருத்தடை மாத்திரையோ இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கி வந்தது. அது மருந்து, பெண்ணின் மாதத்தை அளந்து கொடுக்கும் கோலும் அதுவே ஆயிற்று. நாற்பதைக் கடந்த பெண்டிர்க்கு அக்கோல் சில வேளை ஏன் பிழைபட அளக்கிறது? விடை அதன் வரலாற்றிலேயே இருக்கிறது.

பூப்பைக் கணக்கிட்டு வாழ்தல் நமக்குப் புதிதன்று. பரத்தையிற் பிரிந்த தலைவனும், பூப்பு நிகழ்ந்தபின் பன்னிரண்டு நாள் தலைவியை நீங்கி உறைதல் ஆகாது என்பது கற்பியல் விதி. அது கருவை நாடிய கணக்கு. கருவை விலக்கும் கணக்கைத் தமிழில் வெளிப்படையாக எழுதியவர்களுள் முன்னின்றவர் பெரியார். பிறர் தாயின் உடல்நலத்தையும் குடும்பத்தின் பொருள்நிலையையும் காரணமாகக் காட்ட, அவர் பெண்ணின் விடுதலையையே முதற் காரணமாக வைத்தார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவிற்கு வந்தபோது விழுங்கத்தக்க கருத்தடை மருந்து உலகில் எங்குமே இல்லை.

அது உருவான கதை விந்தையானது. மெக்சிகோ நாட்டுக் காட்டுக் கிழங்கு ஒன்றின் சத்திலிருந்து புரோஜெஸ்டிரோன் போன்ற பொருள்களைச் செய்ய வழி பிறந்தது. 1956இல் பின்கஸ், ராக் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் இவ்வகை மாத்திரையைப் போர்ட்டோ ரிக்கோ தீவின் பெண்களிடம் பரந்த அளவில் சோதித்தனர். (அப்பெண்களுக்கு இடர்களை முறையாக எடுத்துரைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை, ஓயவும் வேண்டியதில்லை.) தொடக்க மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் சிறிது மாசாகக் கலந்திருந்தது. அதை நீக்கித் தூய்மை செய்தபோது, நாளல்லாத நாளில் பெண்களுக்கு உதிரம் கசிந்தது. எனவே, நீக்கிய மாசையே அளவோடு மீண்டும் சேர்த்தார்கள்! 1957இல் அமெரிக்க அரசு இம்மருந்தை ஒப்பியது மாதவிடாய்க் கோளாறுகளுக்காகவே. கருத்தடைக்கான ஒப்புதல் 1960இல் தான் கிடைத்தது.

மூன்று வாரம் உண்டு ஒரு வாரம் விடுவது இயற்கையின் கட்டளை அன்று. இயற்கையைப் போலத் தோன்றவேண்டும் என்று மனிதர் வகுத்த முறை. அவ்வாரத்தில் வருவது கருமுட்டை முதிர்ந்து வரும் மாதவிடாய் அன்று. மருந்து நின்றதனால் கருப்பையின் உட்படலம் உதிர்வது.

சிலாங்கூரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1953இல் தோன்றியது. 1966இல் சட்டம் இயற்றித் தேசிய வாரியம் அமைத்தது அரசு. அடுத்த ஆண்டு தொடங்கிய பணியில், நாடி வந்தோருள் மிகப் பெரும்பாலோர் ஏற்றது மாத்திரையையே. அக்காலத்தில் 25 வயதில் அதைத் தொடங்கிய ஒருத்தி, 1987இல் 45 வயதினள். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நடுவயது வினா எழுந்தது இவ்வாறே.

இதற்கிடையில் மாத்திரையும் மாறிற்று. முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை 150 மைக்ரோகிராம். இன்று பெரும்பாலும் 20 முதல் 35 வரை. குருதி உறையும் இடர் கண்டு குறைத்தார்கள். அளவு குறையக் குறைய இடைக்கசிவு கூடிற்று. ஆகவே சிறு கசிவு என்பது பாதுகாப்புக்கு நாம் தரும் விலை. புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள மாத்திரையில் ஒழுங்கின்மை இன்னும் மிகுதி.

ஆயினும் எல்லாக் கசிவையும் இக்கணக்கில் எழுதிவிடலாகாது. நெடுநாள் ஒழுங்காக இருந்தவர்க்குப் புதிதாகக் கசிந்தால், மாத்திரை தவறியதா, வாந்தி பேதியா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உண்கிறாரா, கருவுற்றாரா என்று பார்க்கவேண்டும். கருப்பை வாயையும் சோதிக்கவேண்டும். புற்றுநோயின் முதற்குறியும் இதுவாக இருக்கலாம். 35ஐக் கடந்து புகைப்போரும் குருதியழுத்தம் மிக்கோரும் இருவகைச் சத்தும் சேர்ந்த மாத்திரையைத் தவிர்க்கவேண்டும். பிறரும் 50 வயதில் அதை விட்டு வேறு முறைக்கு மாறுவதே மருத்துவர் கூறும் வழி.

இங்கே சொல் ஒன்று இடர் செய்கிறது. மலாய் மொழியில் 'டாத்தாங் பூலான்', அதாவது மாதம் வருதல். நம் இல்லங்களில் 'தூரம்', 'தீட்டு'. மாத்திரை விட்ட வாரத்து உதிரத்துக்கும் இயற்கை மாதவிடாய்க்கும் பெயர் ஒன்றே. "தீட்டு நின்றுவிட்டதா அம்மா?" என்று மருத்துவர் கேட்டால், "இல்லை, மாதா மாதம் சரியாக வருகிறது" என்பாள் ஐம்பது வயதினள். அவள் பொய் சொல்லவில்லை; ஆனால் அவள் சூலகம் எப்போதோ ஓய்ந்திருக்கக்கூடும். முன்னதை 'விடுநாள் உதிரம்' என்றும், நாளல்லா நாளில் வருவதை 'இடைக்கசிவு' என்றும் வேறுபடுத்திச் சொல்லலாம். இவற்றினும் நல்ல சொற்கள் கிடைத்தால் ஆசிரியப் பெருமக்கள் தந்துதவலாம்.