காசிமிரோ மோன்டெனெக்ரோ ஃபில்யோ

காசிமிரோ மோன்டெனெக்ரோ ஃபில்யோ (1904–2000) பிரேசில் விமானப்படை அதிகாரி, வானூர்திப் பொறியாளர். சாவ் ஜோசே டோஸ் காம்போஸ் நகரிலுள்ள வானூர்தித் தொழில்நுட்பக் கழகத்தையும் அதைச் சூழ்ந்து வளர்ந்த ஆய்வு மையத்தையும் நிறுவியவர். பிரேசில் இன்று உலகுக்குப் பயணிகள் விமானம் விற்கிறதென்றால், அதன் வேர் இவர் தொடங்கிய வகுப்பறைகளில் இருக்கிறது.

வடகிழக்குக் கடற்கரை நகரமான ஃபோர்ட்டலேசாவில் 1904 அக்டோபர் 29 அன்று பிறந்தார். ரியோ டி ஜெனிரோவின் ரியலெங்கோ படைப்பள்ளியில் பயின்று ராணுவ விமானியானார். 1931 ஜூன் 12 அன்று, நெல்சன் ஃப்ரேய்ரி லவனேர்-வாண்டர்லியுடன் கர்டிஸ் ஃப்ளெட்ஜ்லிங் என்ற சிறு விமானத்தில் ரியோவிலிருந்து சாவ் பாவ்லோவுக்குத் தபால் பை ஒன்றைக் கொண்டு சென்றார். பையில் இருந்தவை இரண்டே கடிதங்கள். எதிர்க்காற்றில் நேரம் இழுத்து, ஊரை எட்டுவதற்குள் இருட்டிவிட்டது. விமானத்தைக் குதிரைப் பந்தயத் திடலில் இறக்கிவிட்டு, டாக்சி பிடித்துத் தபால் நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். ராணுவ வான்தபால் சேவை இப்படித்தான் தொடங்கியது. சாலையும் ரயிலும் எட்டாத உள்நாட்டு ஊர்களைப் பின்னாளில் இணைத்தது அந்தச் சேவையே.

பறப்பதோடு அவர் நிற்கவில்லை. ராணுவத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து வானூர்திப் பொறியியல் படித்தார். 1941இல் வானூர்தி அமைச்சகம் உருவாகி, தரைப்படையிலும் கடற்படையிலும் பிரிந்து கிடந்த விமானப் பிரிவுகள் ஒன்றாயின. புதிய படைக்கு விமானங்கள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. உள்நாட்டில் விமானம் கட்டும் முயற்சிகள் அதற்கு முன்பும் நடந்தன. ஆனால் வடிவமைக்கவும் சோதிக்கவும் தெரிந்த பொறியாளர்கள் போதிய அளவில் இல்லை. ஆலை கட்டுவதற்கு முன் ஆட்களை உருவாக்க வேண்டும் என்பது மோன்டெனெக்ரோவின் முடிவு. உடனடிப் பலனை எதிர்பார்த்த மேலதிகாரிகளுக்கு இது வீண் செலவாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1943இல் அமெரிக்கா சென்றபோது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைப் பார்த்தார். அங்கே வானூர்தித் துறைப் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் ஸ்மித் 1945இல் பிரேசிலுக்கு வந்து திட்டம் வரைந்து கொடுத்தார். முதலில் ஒரு கல்விக் கழகம், அது நிலைபெற்றபின் ஓர் ஆய்வுக் கழகம் என்பது அதன் சாரம். ரியோவுக்கும் சாவ் பாவ்லோவுக்கும் இடைப்பட்ட பராய்பா பள்ளத்தாக்கில், காசநோய் மருத்துவமனைகளுக்குப் பெயர்போன சாவ் ஜோசே டோஸ் காம்போஸ் தேர்வாயிற்று. வளாகத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நிமெயர். அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். ராணுவ வளாகத்துக்கு அப்படி ஒருவர் வடிவம் தந்தது அன்றைய பிரேசிலில் சாதாரண விஷயமல்ல. ரியோவில் ராணுவத் தொழில்நுட்பப் பள்ளியின் இடத்தில் தொடங்கியிருந்த வகுப்புகள் 1950இல் இங்கே இடம்பெயர்ந்தன.

கழகம் நடந்த முறைதான் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி. அன்றைய பிரேசில் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு ஒரு பேராசிரியர் ஆயுள் முழுவதும் அதிபதி. அவர் நாற்காலியை யாரும் அசைக்க முடியாது. இங்கே அந்த நாற்காலியே போடப்படவில்லை. பாடங்கள் துறைகளின் பொறுப்பில் இருந்தன, ஆசிரியர்கள் முழுநேரமும் வளாகத்திலேயே வேலை செய்தார்கள், பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். முதல் தலைவரே ஸ்மித்தான். மாணவர்களில் படைசாராதவர்களும் அதிகாரிகளும் கலந்திருந்தனர். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் கிடையாது. காப்பி அடிக்கமாட்டோம் என்ற ஒப்பந்தத்தை மாணவர்களே காத்தார்கள். அதற்கு உணர்ந்த ஒழுங்கு என்று பெயர். படைமுகாமின் கட்டளை ஒழுங்கில் வளர்ந்த ஓர் அதிகாரி, தான் கட்டிய கல்லூரிக்குள் அதை நுழையவிடாமல் காத்தது அவருடைய மிகத் துணிச்சலான செயல் என்று சொல்லலாம். 1968இல் வந்த நாடு தழுவிய பல்கலைக்கழகச் சீர்திருத்தம் ஆயுட்காலப் பேராசிரியர் முறையை ஒழித்தபோது, அந்த வழியில் இக்கழகம் ஏற்கெனவே பதினெட்டு ஆண்டுகள் நடந்து பார்த்திருந்தது.

ஆய்வுப் பக்கம் இவ்வளவு நேர்த்தியாக அமையவில்லை. ஜெர்மனியின் ஹெலிகாப்டர் முன்னோடி ஹைன்ரிக் ஃபோக்கே 1952இல் தன் குழுவோடு வந்து, செங்குத்தாக எழும்பி விமானம்போலப் பறக்கும் ஊர்தி ஒன்றைக் கட்ட முயன்றார். உடற்பகுதிக்குப் பயன்பட்டது பிரிட்டனின் பழைய ஸ்பிட்ஃபயர் போர் விமானம். பெரும் பணம் செலவாயிற்று. ஊர்தி ஒருமுறைகூடப் பறக்கவில்லை. மோன்டெனெக்ரோவின் திட்டத்தை எதிர்த்தவர்களுக்கு இந்தத் தோல்வி நல்ல ஆயுதமாகக் கிடைத்தது. அதே குழுவின் ஓசனிச்சிட்டு என்று பெயரிட்ட சிறு ஹெலிகாப்டர் மட்டும் 1950களின் இறுதியில் பறந்தது. 1954இல் தனி ஆய்வுக் கழகம் எழுந்தது. 1961இல் மாணவர்கள் நால்வர் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு சிறு கணினி செய்து, அதற்குச் செசின்யோ என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

1964 ராணுவப் புரட்சிக்குப் பின் நிலைமை மாறியது. ஐயத்துக்குள்ளான மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியேற்றப்பட்டனர். அடுத்த ஆண்டு மோன்டெனெக்ரோ மையத்தின் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். அப்போது வானூர்தி அமைச்சர் எடுவார்டோ கோமஸ். வான்தபால் தொடங்கிய காலத்தில் மோன்டெனெக்ரோவுக்குத் தலைவராயிருந்தவர்.

அவர் போனபின்தான் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. கழகத்தில் 1962இல் பட்டம் பெற்ற விமானப்படை அதிகாரி ஒசிரிஸ் சில்வா, பிரெஞ்சு வடிவமைப்பாளர் மாக்ஸ் ஓல்ஸ்டுடன் ஆய்வுக் கழகத்தில் இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம் ஒன்றை உருவாக்கினார். பாண்டெய்ராண்டே எனப்பட்ட அது 1968 அக்டோபர் 22 அன்று பறந்தது. அதைத் தொடர்ச்சியாகத் தயாரிக்க 1969 ஆகஸ்ட் 19 அன்று எம்ப்ரேயர் நிறுவனம் அதே ஊரில் பிறந்தது. இந்திய விமானப்படையின் நேத்ரா கண்காணிப்பு விமானம் எம்ப்ரேயர் விமானத்தின் உடலில்தான் அமைந்திருக்கிறது. பெங்களூரின் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் அதற்கு ரேடார் பொருத்தியது.

மோன்டெனெக்ரோ 2000 பிப்ரவரி 26 அன்று பெட்ரோபோலிஸில் 95 வயதில் காலமானார். கழகம் பெண்களை மாணவிகளாகச் சேர்க்கத் தொடங்கியது 1996இல்தான். அதைக் காணும் அளவு அவர் வாழ்ந்திருந்தார். பிரேசில் விமானப்படையின் பொறியியல் பிரிவு அவரைத் தன் புரவலராகப் போற்றுகிறது.